ஏழாம் இலக்கத்தின் கையில் இருந்த பந்து

எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. அணியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்; ஆட்டமும் கோப்பையும் பிறகு. கண்டி நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே, மலைச்சரிவில் இருந்த கல்லூரி அது. விடுதியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அணியில் இருக்கிற பன்னிரண்டு பேருக்கும், மைதானத்துக்குப் பக்கத்து நீண்ட அறையில் ஆளுக்கொரு இரும்புக் கட்டிலும் இரண்டு பேருக்கு ஓர் அலுமாரியும் உண்டு. அணியை விட்டு நின்றால் கட்டிலும் போய்விடும்.

அந்த வருடம் எனக்கு அந்தக் கட்டில் தேவைப்பட்ட மாதிரி வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. முந்திய ஆடிக் கலவரத்தில், கண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பின்மதிலால் குதித்து ஓடியதில் என் வலது முழங்கால் பிசகியது. அரசாங்க எழுதுவினைஞராக இருந்த அப்பா, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சில வாரம் முகாமில் இருந்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கினார். என்னையும் வரச் சொன்னார். எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"கட்டில் இருக்கிற வரைக்கும் இங்கை இருந்து படிக்கிறன் அப்பா," என்றேன்.

"கட்டில் இல்லாமல் போனால்?"

"அப்ப வாறன்."

அவர் என்னுடன் வாதாடவில்லை. என் பிடிவாதம் அவரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. முன்பு ஓர் ஆட்டத்தில் பத்துப் புள்ளி சர்வசாதாரணமாகப் போடுகிறவள், இப்போது கூடைக்குக் கீழே எம்பினால் தரையை விட்டு எழும்பினேனா என்று எனக்கே சந்தேகம். விளையாட்டுக்குப் பொறுப்பான மிஸ் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிங்களவர், குரல் பெரிது, மனசில் ஒளிவுமறைவு கிடையாது. முதல் வருடத்திலிருந்து எட்டுப் பிள்ளைகள் புதிதாக வந்து மைதானத்தில் நின்ற நாளில், எல்லோர் முன்னாலும் சிங்களத்தில் சொன்னார்: "இடம் ஒன்றும் காலி இல்லை. ஒருத்தி உள்ளே வர வேண்டுமானால் ஒருத்தி வெளியே போக வேண்டும். யார் கூடப் புள்ளி போடுகிறாளோ அவள் இருப்பாள்."

அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சேட்டின் முதுகில் இருந்த ஏழாம் இலக்கம் அப்போதே கழன்று விழுந்தது போல இருந்தது.

கோபம் எனக்கு மூக்கு நுனியில். அன்று பின்னேரமே அவரது அறைக்குப் போய்விட்டேன். புள்ளி போடுகிறவளைத்தான் எல்லோருக்கும் தெரிகிறது மிஸ், பந்தை அவள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவளை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். நான் படித்தது புள்ளிவிபரவியல். அந்த அதிகாரத்தில் கொஞ்சம் மேதாவித்தனமாகவே பேசினேன். ஒவ்வொருத்தியும் களத்தில் நிற்கும் நேரத்தில் அவளுடைய பக்கம் எத்தனை போட்டது, எத்தனை வாங்கியது, இரண்டையும் கழிக்க வேண்டும். நேரத்தை மணிக்கூட்டில் பார்க்காமல், பந்து ஒரு பக்கத்தின் வசம் வந்து போவதை ஒரு 'கை' என்று, சீட்டாட்டத்தில் எண்ணுவது போல எண்ண வேண்டும். வேகமாக ஆடுகிற அணியையும் ஆறுதலாக ஆடுகிற அணியையும் அப்போதுதான் ஒப்பிடலாம். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை யார் பிடித்தாள், யார் பறித்தாள், யார் பறிகொடுத்தாள், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு.

"இதெல்லாம் எதற்கு?" என்றார்.

"நியாயத்துக்கு மிஸ்."

பொய். என் கட்டிலுக்கு. ஆனால் அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ஒரு மாதம் பயிற்சி ஆட்டங்களில் எண்ணிப் பார், முதல் வருடத்தினர் ஒரு பக்கம், மூத்தவர்கள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி மாத முடிவில் கொண்டுவா என்றார்.

நான் களத்தில் நிற்கும்போது கொப்பியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. என்னுடன் புள்ளிவிபரவியல் படித்த கெலிஓயாத் தோழி கைகொடுத்தாள். முஸ்லிம் வீட்டுப் பெண்; 'சொல்ல' அவள் வாயில் 'செல்ல' ஆகும், 'இருக்க' 'ஈக்க' ஆகும். அவளுடைய வாப்பாவுக்கு கெலிஓயாச் சந்தியில் புடவைக் கடை. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பந்தைத் தொட்டே அறியாதவள். ஆனால் கண் கூர்மை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சீமெந்துப் படியில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மடியில் கொப்பியை வைத்து, ஒரு கோட்டையும் தவறவிடாமல் போடுவாள்.

எட்டுப் பேரில் எங்கள் கண்ணில் பட்டவள் பதினான்காம் இலக்கம். புசல்லாவைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கை நீளம், கால் அதைவிட நீளம், வாய் மட்டும் இருக்கிறதா என்று தேட வேண்டும். விடிய முதல் பஸ் ஏறி, கம்பளையில் இறங்கி மற்ற பஸ் பிடித்து வருவாள். வழியில் சோதனைச் சாவடிகளில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். தமிழ்ப் பிள்ளை என்றால் கூட இரண்டு கேள்வி. சில நாள் பாதி விரிவுரை முடிந்த பிறகுதான் வந்து சேர்வாள். ஒருநாள் மிஸ்ஸிடம், அணிப் பட்டியல் எப்போது போடுவீர்கள் என்று அவள் கேட்டதை நானும் கேட்டேன். ஏன் அவசரம் என்றார் மிஸ். தவணை முடிவதற்குள் தங்க இடம் கிடைக்காவிட்டால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார் என்றாள். தகப்பனைக் குறை சொல்ல முடியாது. கலவரத்தின்போது அந்தப் பாதையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஆக, கட்டில் ஒன்று. அது வேண்டியவர்கள் இரண்டு பேர். அதை அவள் வந்த முதல் வாரத்திலேயே நான் விளங்கிக்கொண்டேன். என் நடத்தையும் அதற்கேற்ற மாதிரித்தான் இருந்தது.

அந்த நாட்களில் பகிடிவதை எல்லா இடத்திலும் இருந்தது போல எங்களிடமும் இருந்தது. படிக்கட்டில் மூத்தவர்களை முந்திப் போகக் கூடாது, அவர்கள் உட்காரும் கதிரையில் உட்காரக் கூடாது, இப்படி ஒரு நீண்ட சட்டக்கோவை. முதல் நாள் பயிற்சி முடிந்து நான் நொண்டிக்கொண்டு வந்தபோது, பதினான்காம் இலக்கம் ஓடிவந்து என் கையில் இருந்த பந்தைப் பிடித்தாள்.

"குடுங்கக்கா, நான் எடுத்துட்டு வர்றேன்."

உதவிக்குத்தான் வந்தாள். எனக்கு அது நொண்டியைப் பார்த்து இரங்கியது மாதிரிப் பட்டது. பற்றிக்கொண்டு வந்தது. "அக்காமாரின்ர கையில இருக்கிறதைத் தொடக் கூடாது. தந்தால் மட்டும்தான் வாங்கவேணும். விளங்கிச்சோ?" என்று சத்தம் போட்டேன். எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, அதை மூன்று தரம் சொல்ல வைத்தேன். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மாதம் முடிந்தது. நானும் தோழியும் நூலகத்தில் இருந்து கூட்டிக் கழித்தோம். நான் களத்தில் நின்ற கைகளில் எங்கள் பக்கம் மற்ற எவள் நின்றபோது இருந்ததையும்விட முன்னால் இருந்தது. காரணம், பந்தைக் கொண்டுபோகிறவள் பெரும்பாலும் நான், என் கையில் வந்த பந்து பறிபோகவே இல்லை. புள்ளி போடாவிட்டாலும் நான் அணிக்கு ஒரு பூட்டு மாதிரி என்று கொப்பி சொன்னது. பதினான்காம் இலக்கம் திரும்பும் பந்துகளை நன்றாகப் பிடித்திருந்தாள். ஆனால் பறித்த பந்து என்ற நிரலில் அவளுக்கு நேரே ஒரு கோடுகூட இல்லை.

மிஸ் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். "வலைப்பந்து ஆடி வந்த பிள்ளை. அதில் பந்து வைத்திருப்பவளுக்கு மூன்றடி தள்ளித்தானே நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் இலேசில் போகாது," என்றார். நல்ல விளக்கம். எனக்கும் வசதியான விளக்கம். நான் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். கன்டீனில் தோழிக்குத் தேநீரும் பணிஸும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மற்ற மூத்தவர்கள் எல்லோருக்கும் செய்முறைப் பரீட்சை. என் பாடத்துக்கு அது இல்லை. மைதானத்துக்கு வந்தது எட்டு முதல் வருடப் பிள்ளைகள் மட்டும். நாலு நாலு பேராகப் பிரிந்து ஆடுங்கள் என்று மிஸ் விசிலை எடுத்தார். நானும் தோழியும் பழக்கதோஷத்தில் கொப்பியை விரித்தோம்.

பதினான்காம் இலக்கம் முதல் பந்தைப் பறித்தபோது தோழி என்னைப் பார்த்தாள். இரண்டாவதைப் பறித்தபோது நான் அவளைப் பார்க்கவில்லை. எதிரே வருகிறவள் பந்தைத் தரையில் தட்டுகிறாள். அது மேலே எழும்பி அவள் கைக்கு வருவதற்குள் அந்த நீளக் கை நடுவில் வந்துவிடுகிறது. சத்தமில்லை, முட்டி மோதல் இல்லை. மூன்றடி தள்ளி நிற்கிற பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. ஆட்டம் முடிந்தபோது அவளுக்கு நேரே ஏழு கோடுகள்.

நான் பழைய பக்கங்களைத் திருப்பினேன். எங்கள் கொப்பியில் ஒரு நல்ல காரியம் இருந்தது: யார் பறித்தாள் என்பதோடு, யாருடைய கையிலிருந்து என்பதையும் எழுதியிருந்தோம். அந்த மாதம் முழுவதும் மூத்தவர்களின் கையிலிருந்து முதல் வருடப் பிள்ளைகள் பறித்த பந்து ஒன்றுமே இல்லை. எட்டுப் பேரில் ஒருத்திகூட இல்லை. தற்செயல் என்று இதைச் சொல்ல எந்தப் பாடமும் எனக்கு இடம் தரவில்லை. அப்போதுதான் மைதானத்தில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் கை பந்து வரைக்கும் வரும், நான் நிமிர்ந்து பார்ப்பேன், கை திரும்பிப் போகும்.

நான் ஒரு மாதம் அளந்தது அவர்களுடைய ஆட்டத்தை அல்ல. நான் மூன்று தரம் சொல்ல வைத்த வசனத்தை. என் கையில் பந்து பத்திரமாக இருந்ததற்கும் அதுதான் காரணம். என்னுடைய அருமையான எண்ணும் அவளுடைய வெறுமையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

"இத மிஸ்ஸுக்கு செல்லப் போறியா?" என்றாள் தோழி.

"தெரியாது."

"நீ செல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. நானும் செல்ல மாட்டேன்."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். என் நிலைமை அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் கட்டிலில் கிடந்து அப்பாவுக்குச் சொன்னதை யோசித்தேன். எரிந்த வீட்டை யோசித்தேன். ஒருவரிடமும் கேட்காமல் எங்களிடமிருந்து எவ்வளவோ பறித்துவிட்டார்கள், இந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொண்டால் என்ன என்றும் யோசித்தேன். அந்த யோசனை எனக்கு இனித்தது. ஆனால் பிழையான கொப்பியைச் சரி என்று கொடுத்தவள் என்ற பெயரோடு பட்டம் வாங்க எனக்கு விருப்பமில்லை. மற்றவர்களுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே. மூன்றாம் நாள் காலை மிஸ்ஸின் மேசையில் கொப்பியை வைத்து, இது பிழை என்றேன். ஏன் பிழை என்பதையும், மூன்று தரம் சொல்ல வைத்தது உட்பட, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மிஸ் நல்லாய்த் திட்டினார். பிறகு, "பட்டியல் திங்கட்கிழமை போக வேண்டும். சனிக்கிழமை ஓர் ஆட்டம் இருக்கிறது. நீயும் அவளும் எதிரெதிர்ப் பக்கம். பறித்ததையும் திரும்பும்போது பிடித்ததையும் கூட்டி, பறிகொடுத்ததைக் கழித்துப் பார்ப்பேன். அவளுக்குக் கூட வந்தால் கட்டில் அவளுக்கு. சமன் என்றால் மூத்தவள் நீ இருக்கலாம்," என்றார். ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேரம் பேசும் யோக்கியதையை நான் இழந்திருந்தேன்.

சனிக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. பகிடிவதைச் சட்டம் இனி இல்லை என்று மிஸ் எல்லோருக்கும் சொல்லியும், முதல் பாதியில் ஒன்றும் மாறவில்லை. பதினான்காம் இலக்கம் என் முன்னால் நின்றாள். கை வந்தது, திரும்பிப் போனது. இடைவேளையில் கொப்பியை எட்டிப் பார்த்தேன். பறித்தது, பறிகொடுத்தது எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் பூச்சியம். திரும்பும் பந்துகள் அவளுக்கு இரண்டு, எனக்கு ஆறு.

எனக்குக் கோபம் வந்தது. அவளில் வந்ததா என்னில் வந்ததா என்று தெரியாது. தண்ணீர்க் குழாயடிக்குப் போய் அவளை மறித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு அந்தக் கட்டில் வேணுமோ வேண்டாமோ?"

"வேணுங்கக்கா."

"அதிலை இப்ப நான்தான் படுத்திருக்கிறன். நீ என்ர கையில இருந்து பந்தைப் பறிக்காட்டி நான் எழும்ப மாட்டன். அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பிழை. சொன்ன நானே சொல்லுறன், பிழை."

அவள் குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு நேராக அவள் என்னைப் பார்த்தது அன்றுதான்.

"அப்ப நீங்க எங்கக்கா போவீங்க?"

"அது என்ர பாடு. நீ உன்ர பாட்டைப் பார்."

"நெசமாவே பறிக்கவா?"

"பறி. ஆனால் விட்டுத் தருவன் எண்டு நினையாதை. ஒரு சொட்டும் தர மாட்டன்."

அதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்த பந்து பறித்த பந்தாகாது. அப்படி எழுதினால் கொப்பி இரண்டாம் தரமும் பொய்யாகிவிடும். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையோடும் களத்துக்குள் போனேன்.

முதலில் கூடைக்குக் கீழே அவள் என் தலைக்கு மேலாக எம்பி, அடுத்தடுத்துத் திரும்பும் பந்துகளைப் பிடித்தாள். நான் ஒன்றும் எடுக்க முடியாமல் கோடு ஏறிக்கொண்டே போனது. அவளும் ஆறைத் தொட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அவளிடமிருந்து நான் இரண்டு தரம் பந்தைப் பறித்தேன். இடது பக்கம் பார்த்து வலது பக்கம் கை போடுகிற என் பழைய தந்திரம். அவள் பல்லைக் கடித்தாள். பிறகு நான் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தபோது, அந்தக் கை வந்தது. திரும்பிப் போகவில்லை. "மன்னிச்சிக்குங்கக்கா," என்று ஒரு குரல், பந்து அங்கே போய்விட்டது. அடுத்த தடவை மன்னிப்பும் கேட்கவில்லை. பறித்துக்கொண்டு ஓடினாள், கூடையில் போட்டாள், அவளுடைய பக்கத்துப் பிள்ளைகள் கூவினார்கள். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒருவரும் என்னிடமிருந்து எதையும் பறித்ததில்லை.

சமன். கொப்பியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் சமனோடு நின்றால் போதும். நேரம் முடியப் போகிறது. பந்து என் கைக்கு வந்தது. உடம்பால் மறைத்துக்கொண்டு, முதுகை அவள் பக்கம் திருப்பி, பந்தை வயிற்றோடு அணைத்தபடி ஒரு நொடி நின்றேன். அந்த அணைப்புக்குள் இரண்டு கை எப்படி நுழைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்து போனது, பிறகு விசில் கேட்டது.

மிஸ் விசிலோடு மற்றப் பக்கம் நின்றிருந்தார். அவர் அதைக் கண்டிருக்க முடியாது. நான் நொண்டிக்கொண்டு சீமெந்துப் படிக்கு வந்தேன். தோழி கொப்பியை மூடி மடியில் வைத்திருந்தாள்.

"சமன். நீ ஈக்கலாம்," என்றாள்.

நான் கொப்பியை வாங்கித் திறந்தேன். ஏழின் கையிலிருந்து பதினான்கு பறித்தது என்ற இடத்தில் இரண்டு கோடுகள், முத்து முத்தாக.

"கடைசிப் பந்து?"

"அது விசிலுக்குப் பிறகு."

"விசிலுக்கு முதல்."

"நான் காணல்ல."

ஒரு மாதமாக ஒரு கோட்டையும் தவறவிடாதவள். கண்ணைப் பார்க்காமல் குடையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளில் எனக்கு அந்த நிமிடம் வந்த அன்பை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் பந்து இருந்தது என் கையில். அது எப்போது போனது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுடைய பென்சிலை வாங்கி, இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதை நானே போட்டேன். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. பிறகு கொப்பியைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோழி இன்னும் படியிலேயே இருந்தாள். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் பதினான்காம் இலக்கம் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தாள்.

"ஒன்ட பெட்டி பாரமா?" என்றாள் தோழி திடீரென்று. "கெலிஓயா பஸ்ஸுல ஏத்தேலுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதம் மனசுக்குள் மாறிக்கொண்டது. கட்டில் போய்விட்டது, ஆனால் நான் வரவில்லை.

"பாரம்தான்," என்றேன். "ரெண்டு பேர் பிடிச்சால் ஏத்தலாம்."